பின்பக்கத்திலிருந்து தொடங்கிய மீட்பு: 1970 ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா குரூசர் வேகன் – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகரான லான்சிங்கை அடுத்த ஒரு வீட்டில், இரண்டு வண்டிகள் நிற்கக்கூடிய சாதாரணக் கராஜுக்குள், 1970ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா குரூசர் ஸ்டேஷன் வேகன் (கூரை பின்முனை வரை நீண்டு, பின்னால் சாமான் இடம் கொண்ட குடும்பக் கார்) ஒன்று மீட்டெடுக்கப்பட்டது. உரிமையாளர் என் நண்பர். மோட்டார் தொழிலில் இருப்பவர் அல்லர். டிங்கரிங், வெல்டிங், வயரிங், பெயின்ட் ஆகிய எல்லாக் கட்டங்களிலும் நான் அவருடன் சேர்ந்து வேலை செய்தேன். இஞ்சினை மெஷின் ஷாப்புக்கு அனுப்பியது நீங்கலாக மற்ற அனைத்தும் அந்தக் கராஜிலேயே முடிந்தன. எந்த வரிசையில் வேலை நடந்தது, எதைப் பழையபடியே காத்தோம், எதை மாற்றினோம், ஏன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்டேஷன் வேகனை மதிப்பிடுவதும் சரி, வேலையைத் தொடங்குவதும் சரி, வண்டியின் பின்பக்கத்திலிருந்தே நடக்க வேண்டும். இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்குப் பாகங்கள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. பின்வரிசைப் பக்கக் கதவின் தூணைத் தாண்டிப் பின்னால் போனால் தகடு, கண்ணாடி, கீல், ஓரப்பட்டை என்று எதற்கும் புதிய பாகம் கிடைப்பது அரிது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கையால் செய்துகொள்ள வேண்டும். பானெட்டைத் திறந்து இஞ்சின் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து வேகன் வாங்கியவர்கள் பாதி வழியில் நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டியின் பின்னணி

விஸ்டா குரூசர் 1964 பிப்ரவரியில் அறிமுகமானது. ஜெனரல் மோட்டார்ஸின் நடுத்தர அளவு வண்டிகளான ஏ-பாடி குடும்பத்தில் அது ஒன்று. செவர்லே செவெல், போன்டியாக் லெமான்ஸ், பியூக் ஸ்கைலார்க், ஓல்ட்ஸ்மொபில் கட்லஸ் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ஆனால் அந்தக் குடும்பத்தின் சாதாரண வேகன்களைவிட இதன் முன்பின் சக்கர இடைவெளி அதிகம்: 1967 வரை 120 அங்குலம், 1968இல் பாடி புதிதாக வடிவமைக்கப்பட்ட பிறகு 121 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.07 மீட்டர். அந்தக் கூடுதல் நீளத்தால்தான் மூன்றாம் வரிசை இருக்கையை முன்னோக்கியே அமைக்க முடிந்தது. அக்காலத்து வேறு பல வேகன்களில் மூன்றாம் வரிசையில் அமர்ந்த பிள்ளைகள் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தபடிதான் பயணம் செய்தார்கள்.

இந்த வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது கூரை. இரண்டாம் வரிசைக்கு மேலே கூரை ஒரு படி உயர்கிறது. அந்தப் படியில் குறுக்காக ஒரு நிறமேற்றிய கண்ணாடி. உயர்ந்த பகுதியின் இடமும் வலமும் நீளவாக்கில் ஒடுங்கிய கண்ணாடிகள் இரண்டு. மேலிருந்து வெயில் இறங்குவதால் இரண்டாம் வரிசைக்கென்றே தனியாக வெயில் மறைப்புப் பலகைகளும் பொருத்தப்பட்டிருந்தன. அமெரிக்க ரயில்களில் 1940களில் வந்த, கூரையில் கண்ணாடிக் குவிமாடம் கொண்ட விஸ்டா-டோம் பெட்டிகளின் சாயல் இதில் தெரிகிறது. அந்த ரயில்பெட்டி யோசனையும் ஜெனரல் மோட்டார்ஸின் ரயில் இஞ்சின் பிரிவோடு தொடர்புடையது என்பதை நினைக்கும்போது, ஒரே நிறுவனத்துக்குள் ஓர் எண்ணம் தண்டவாளத்திலிருந்து சாலைக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இதே கண்ணாடிக் கூரை பியூக் ஸ்போர்ட்வேகனிலும் 1969 வரை இருந்தது. பாகம் தேடுபவருக்கு இது மிகவும் பயன்படும் செய்தி, ஏனெனில் 1968, 1969 பியூக் ஸ்போர்ட்வேகன்களையும் சேர்த்துக்கொண்டால் தேடும் வட்டம் விரிகிறது. 1973 மாடலில் கண்ணாடிக் கூரை கைவிடப்பட்டது. பெயர் மட்டும் 1977 வரை நீடித்தது. ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயரே 2004 ஏப்ரலில் லான்சிங் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்ததோடு முடிந்தது.

இத்தகைய வேகன்கள் குறைவாக எஞ்சியிருப்பதற்குக் காரணம் எளிது. இரண்டு கதவுக் கூப்பே வண்டிகளை இளைஞர்கள் ஆசையாக வைத்துப் போற்றினார்கள். வேகனோ பிள்ளைகள், நாய், மளிகை, மரச்சாமான், முகாம் கூடாரம் என்று எல்லாவற்றையும் சுமந்து தேய்ந்தது. 1983 இறுதியில் கிரைஸ்லரின் மினிவேன்கள் வந்த பிறகு அதைப் பாதுகாத்து வைக்க எந்தக் குடும்பத்துக்கும் காரணம் இருக்கவில்லை. இடித்து மோதும் டெர்பி போட்டிகளிலும் ஏராளமானவை அழிந்தன.

வாங்குவதற்கு முன் செய்த ஆய்வு

வண்டி நெடுங்காலம் ஒரு பண்ணைக் கொட்டகையில் நின்றிருந்தது. முதலில் அடையாள எண்ணைப் பார்த்தோம். 1970இல் அது 13 இலக்கம் கொண்டது. டாஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியாகவே படிக்கலாம். முதல் இலக்கம் 3 என்றால் ஓல்ட்ஸ்மொபில். அடுத்த நான்கும் 4865 என்றால் மூன்று வரிசை இருக்கை கொண்ட விஸ்டா குரூசர். ஆறாவது இலக்கம் 0 என்றால் 1970ஆம் ஆண்டு. இஞ்சின் அறைச் சுவரில் உள்ள சிறு தகட்டில் பெயின்ட், உள்அலங்காரம் ஆகியவற்றின் குறியீடுகள் இருக்கின்றன. எண், தகடு, பத்திரம் மூன்றும் ஒத்துப்போன பிறகே வண்டியைத் தொட்டோம்.

பிறகு பின்பம்பரிலிருந்து தொடங்கி முன்னோக்கி நகர்ந்தோம். துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பின்பக்கப் பக்கவாட்டுத் தகடுகளின் அடிப்பகுதியில் நகர்த்தினால், தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கும். பின்கதவின் அடிமடிப்பு, கூரைக் கண்ணாடிகளின் மூலைகள், பின்தளம், பாடியைச் சேசிஸோடு இணைக்கும் ரப்பர் மவுன்ட்கள், பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து செல்லும் சேசிஸ் சட்டம் ஆகியவற்றைச் சுத்தியலின் பின்முனையால் மெல்லத் தட்டிப் பார்த்தோம். மிச்சிகனில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள் என்பதால் சேசிஸ் சட்டத்தைக் குறித்தே எனக்குக் கவலை அதிகம் இருந்தது. அது மேல்துருவோடு தப்பியிருந்தது. பின்கதவின் அடிப்பகுதி முழுவதும் அரித்துப்போயிருந்தது. இடது பின் சக்கர வளைவுக்குப் பின்னால் விரல் நுழையும் ஓட்டைகள் இருந்தன. இஞ்சின் இறுகிச் சுழலாமல் நின்றிருந்தது.

ஆனால் கூரைக் கண்ணாடிகள் மூன்றும் விரிசலின்றி இருந்தன. அதே காலத்தில் பார்த்த மற்றொரு விஸ்டா குரூசர் ஓடும் நிலையிலேயே விலைக்கு வந்தது. அதில் குறுக்குக் கண்ணாடி உடைந்து அலுமினியத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. ஓடாத வண்டியையே வாங்கலாம் என்று உரிமையாளரிடம் அழுத்திச் சொன்னேன். இஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் அமெரிக்காவின் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைப் புதிதாக வார்த்துத் தருபவர் யாரையும் நான் கண்டதில்லை.

கூரையும் ஒழுக்கும்

உள்கூரைத் துணியில் பெரிய தண்ணீர்க் கறை வலது பின் தூணுக்கு அருகே இருந்தது. இந்தக் கூரை இரண்டு அடுக்குத் தகடுகளாலும் அவற்றுக்கு இடையே ஓடும் வலுச்சட்டங்களாலும் ஆனது. முன்மூலையில் புகும் தண்ணீர் சட்டத்தின் மேலேயே ஓடி வெகுதூரம் தள்ளிச் சொட்டும் என்பதால், கறை இருக்கும் இடத்தில் ஓட்டையைத் தேடுவது பயனற்றது. உள்கூரையை முழுவதும் இறக்கிய பின், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர, மற்றவர் வெளியே குழாய் நீரை மிகவும் மெதுவாக ஓடவிட்டார். கீழிருந்து தொடங்கிச் சிறுசிறு நீளமாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இணைப்புகளும் ஒருசேர நனைந்து எது ஒழுகுகிறது என்பது தெரியாமல் போகும்.

ஒழுக்கு மூன்று வகையாக இருந்தது. குறுக்குக் கண்ணாடியைச் சுற்றியிருந்த அடைப்புப் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. ஓரப்பட்டைக்கு அடியில், கண்ணாடி அமரும் தகட்டு விளிம்பில், ஊசிமுனைத் துளைகளாகத் துரு விழுந்திருந்தது. இவற்றோடு, கூரைமேல் சாமான் சட்டத்தின் திருகுத் துளைகள் ஒவ்வொன்றும் தண்ணீரை உள்ளே விட்டன.

கண்ணாடிகளைக் கழற்றியதுதான் முழு வேலையிலும் மனம் பதறிய கட்டம். பளபளப்பான ஓரப்பட்டைகளைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை அதற்கான தட்டைக் கருவியால் ஒவ்வொன்றாக விடுவித்து, வெப்பக் காற்றால் பசையை இளக்கி, மெல்லிய எஃகுக் கம்பியை உள்ளும் புறமுமாக இருவர் இழுத்துப் பசையை அறுத்தோம். மூலைகளில் நெம்புகோல் கொடுக்கக் கூடாது. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அறுத்து முடித்த பின் உறிஞ்சு கைப்பிடிகளைப் பொருத்தி, இருபுறமும் ஒரே நேரத்தில் தூக்கி, கம்பளி விரித்த மரச்சட்டத்தில் நிமிர்த்தி வைத்தோம்.

விளிம்புத் தகட்டில் துளை விழுந்த பகுதிகளை வெட்டி, அதே தடிமனுள்ள தகட்டை வெல்டு செய்து, எபாக்சி பிரைமர் பூசினோம். பள்ளமான துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் போதுமாக இருந்தது. திரும்பப் பொருத்துவதற்கு எந்தப் பசை என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. இன்று கண்ணாடிக் கடைகளில் யூரித்தேன் பசையே வழக்கம். அது கண்ணாடியைப் பாடியோடு இறுகப் பிணைத்துவிடும். அடுத்த முறை கழற்ற வேண்டி வந்தால் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும், அப்போது கண்ணாடி உடையும் வாய்ப்பு அதிகம். பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடா என்றும் இளகிய நிலையிலேயே இருக்கும். ஆகவே கூரைக் கண்ணாடிகள் மூன்றுக்கும் சிறு ரப்பர் தாங்கிகளுடன் பியூட்டைல் நாடாவையும், விபத்தில் பயணிகளைக் காக்க உறுதியாக நிற்க வேண்டிய முன்கண்ணாடிக்கு மட்டும் யூரித்தேனையும் பயன்படுத்தினோம். மாற்றிக் கிடைக்காத பொருளை மீண்டும் கழற்றும் வகையிலேயே பொருத்த வேண்டும் என்பதை அதற்குப் பிறகு வண்டியின் பின்பாதி முழுவதற்கும் விதியாகக் கொண்டோம்.

பின்கதவு

இந்த வண்டியின் பின்கதவு இரண்டு விதமாகத் திறக்கும்: பலகைபோல் கீழே சாயும், வீட்டுக் கதவுபோல் பக்கவாட்டிலும் திறக்கும். ஆகவே கீல்களும் பூட்டுகளும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றன. கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மின்மோட்டாரும் அதன் கத்தரிச்சட்டமும் இருப்பதால் எடையும் அதிகம். கீல் புஷ்கள் தேய்ந்து கதவு சில மில்லிமீட்டர் தொங்கினாலே பூட்டு நாக்குகள் தம் குழிகளில் சரியாக அமராது.

கண்ணாடி இறங்கும் பிளவு வழியாக மழைநீர் கதவுக்குள் போவது இயல்பு. அதற்காகவே அடியில் வடிகால் துளைகள் உண்டு. இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகள் அடைபட்டால் கதவு உள்ளிருந்து அழுகத் தொடங்கும், வெளிப் பெயின்ட் கடைசியில்தான் கொப்பளிக்கும். இந்த வண்டியில் வெளித்தகட்டின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்குப் போயிருந்தது. உள்சட்டத்தின் கீழ் மடிப்பும் தாள்போல் உதிர்ந்தது.

கதவைக் கழற்றி மேசையில் வைத்து வெட்டுவது வசதியாகத் தோன்றலாம். அவ்வாறு செய்யவில்லை. புதிய கீல் புஷ்களை முதலில் போட்டு, கதவை வண்டியிலேயே மாட்டி, சுற்றிலும் இடைவெளியைச் சரிசெய்து, உள்ளே குறுக்குச் சட்டங்களைத் தற்காலிகமாக வெல்டு செய்து அதன் வடிவத்தைப் பூட்டிய பிறகே அழுகிய பகுதியை வெட்டினோம். மாற்றுத் தகட்டை, கதவின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய கடினமர அச்சின் மேல் வைத்துத் தட்டி உருவாக்கினார் உரிமையாளர். மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக வெல்டு ஓட்டினால் சூட்டில் அலையலையாக நெளியும். 0.6 மில்லிமீட்டர் கம்பி போட்ட மிக் வெல்டரால் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு முழம் தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு, புள்ளிகளை மெல்ல மெல்ல இணைக்க வேண்டியிருந்தது. மூடிய மடிப்புகளுக்குள் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமரும், பெயின்ட் வேலை முடிந்த பின் உள்வெற்றிடங்களில் மெழுகும் தெளித்தோம். வடிகால் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கினோம்.

பாடியிலிருந்து கதவுக்குப் போகும் வயர்கள், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து, இன்சுலேஷனுக்குள்ளேயே முறிந்திருந்தன. நுண்ணிழை வயர்களை ரப்பர் உறைக்குள் போட்டு மாற்றிய பின் கண்ணாடி மோட்டார் உயிர்பெற்றது.

பின்கதவின் ரப்பர் பீடிங்கைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேகனின் பின்முகம் ஏறத்தாழச் செங்குத்தானது. ஓடும்போது அதன் பின்னால் குறைந்த அழுத்தமுள்ள காற்றுச் சுழல் உண்டாகிறது. புகைக்குழாயிலிருந்து வரும் வாயு அந்தச் சுழலில் சிக்கி, பின்கண்ணாடி திறந்திருந்தாலும் பீடிங் கிழிந்திருந்தாலும் வண்டிக்குள் இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளைகள். ஆகவே பீடிங் முழுவதும் புதிதாக மாற்றப்பட்டது, புகைக்குழாயின் முனை பாடி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டப்பட்டது, பின்கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டுவதில்லை என்பதும் அந்த வீட்டின் வழக்கமாயிற்று. பழைய வேகன் வைத்திருக்கும் எவரும் இந்த மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தளம், இஞ்சின்

பின்தளத்தையும் பக்கவாட்டுத் தகடுகளையும் மேற்சொன்ன முறையிலேயே சரிசெய்தோம். வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டாங்கை இறக்கி வீட்டுக்கு வெளியே கொண்டுபோனதும், பேட்டரியைத் துண்டித்ததும், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்ததும் சொல்லாமலே விளங்கும். பாடி மவுன்ட்களுக்குக் கடினமான பாலியூரித்தேன் வகையைப் பலர் பரிந்துரைத்தார்கள். கண்ணாடி நிறைந்த இந்த நீண்ட பாடிக்கு அதிர்வை உள்வாங்கும் ரப்பரே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

இஞ்சின் ஓல்ட்ஸ்மொபிலின் ராக்கெட் வி-8. கொள்ளளவு 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், இரண்டு பேரல் கார்புரேட்டருடன் அன்றைய கணக்கில் 250 குதிரைத்திறன். செவர்லேயின் புகழ்பெற்ற 350 இஞ்சினும் இதே எண்ணைக் கொண்டது என்றாலும் இரண்டும் வெவ்வேறு வடிவமைப்புகள், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. மெஷின் ஷாப்பில் சிலிண்டர்கள் துளைபெருக்கப்பட்டு, ஈயமற்ற பெட்ரோலைத் தாங்குவதற்காக எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகள் கடினமான வகையாக மாற்றப்பட்டன. டைமிங் செயினின் மேல் பல்சக்கரம் நைலான் பற்கள் கொண்டது. வயதாகும்போது அந்த நைலான் உடைந்து ஆயில் பம்பின் உறிஞ்சு வலையை அடைத்துவிடும் என்பதால் முழு எஃகுச் சக்கரம் போடப்பட்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். அவை அனைத்தும் மாற்றப்பட்டன. இஞ்சின் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் எல்லாப் பாகங்களும் தபாலில் வந்து சேர்ந்தன.

மாற்றங்கள்

பழைய வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றியமைப்பது அமெரிக்காவில் நெடிய மரபு. உரிமையாளருக்கும் ஆசைகள் இருந்தன: வண்டியைத் தரையோடு தாழ்த்துவது, 18 அங்குலச் சக்கரங்கள், ஜெனரல் மோட்டார்ஸின் நவீன எல்.எஸ். வகை வி-8 இஞ்சின். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் சோதித்தோம். தகட்டை வெட்டாமல் செய்ய முடியுமா? ஏழெட்டுப் பேரும் மூட்டைகளும் ஏறும் வண்டியாக இது தொடர்ந்து இருக்குமா? தாழ்த்தும் யோசனை இரண்டாவது கேள்வியில் விழுந்தது. எல்.எஸ். இஞ்சின், லான்சிங்கிலேயே ஓல்ட்ஸ்மொபிலின் இதயத்தை எடுத்துவிடுவதா என்ற உரிமையாளரின் சொந்தத் தயக்கத்தால் நின்றது. அவர் அவ்வாறு முடிவு செய்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நடைமுறைக்கு வந்த மாற்றங்களில் முதன்மையானது பிரேக். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்த இந்த வண்டியில், 1970இல் தொழிற்சாலையே விருப்பத் தேர்வாகத் தந்த முன்சக்கர டிஸ்க் அமைப்பைப் பொருத்தினோம். மாஸ்டர் சிலிண்டர், வாக்குவம் பூஸ்டர், முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஆகிய மூன்றையும் டிஸ்க்குக்கு உரியவையாகவே மாற்ற வேண்டும். டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்தினால் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் நனைத்தே துடைத்தோம்.

கியர்பாக்ஸ் மாற்றம் அதிக நுணுக்கம் கொண்டது. மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 350க்குப் பதிலாக, பிற்கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த நான்கு கியர் 200-4ஆர் ஆட்டோமேட்டிக் பொருத்தப்பட்டது. ஓல்ட்ஸ்மொபில் இஞ்சினின் போல்ட் அமைப்புக்கு அது நேராகப் பொருந்தும், நீளமும் ஏறத்தாழ ஒன்றே. தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னோக்கி நகர்த்த வேண்டும். முதல் கியர் விகிதம் 2.52இலிருந்து 2.74 ஆவதால் பாரத்தோடு கிளம்புவது எளிதாகிறது. நான்காம் கியர் 0.67 என்பதால், நேர்கியரில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் அதே வேகத்தை 2,010 சுற்றில் எட்டலாம். ஆனால் இந்தக் கியர்பாக்ஸின் உள்அழுத்தத்தை, கார்புரேட்டர் நெம்புகோலோடு இணைந்த டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள் ஒன்றே நிர்ணயிக்கிறது. அதன் இழுப்பு சற்றுத் தளர்ந்தாலும் அழுத்தம் குறைந்து கிளட்சுகள் வெகுவிரைவில் எரிந்துவிடும். அழுத்தமானியை மாட்டிப் பார்த்து, நெம்புகோலின் ஆரத்தையும் கேபிளின் இழுப்பையும் சரிசெய்த பிறகே வண்டி சாலைக்குப் போனது. பழைய கியர்பாக்ஸ் எண்ணெய் தடவிக் கராஜ் மூலையில் பத்திரமாக இருக்கிறது.

இக்னிஷனில் பழைய தொடுமுனைப் பாயின்ட்களுக்குப் பதிலாக 1975 முதல் வந்த எச்.இ.ஐ. (உயர் ஆற்றல் இக்னிஷன்) மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் போடப்பட்டது. பழைய காயிலுக்குப் போகும் வயர் மின்தடை கொண்டது, எச்.இ.ஐ.க்கு முழு 12 வோல்ட் தேவை என்பதால் தனி வயர் இழுத்தோம். சுருள் ஸ்பிரிங் வாங்கும்போது ஏ-பாடி என்று மட்டும் சொன்னால் கூப்பேக்குரிய மென்மையான ஸ்பிரிங்கையே கொடுப்பார்கள். வேகனின் பின்எடைக்கு அது போதாது, ஏற்றிய உடனே பின்புறம் அமுங்கும். வேகனுக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரங்களைப் பொறுத்தவரை 15 அங்குல எஃகுச் சக்கரங்களோடு இருவரும் சமாதானமானோம்.

பெயின்டும் மரவரியும்

ஜெனரல் மோட்டார்ஸ் அக்காலத்தில் பூசியது அக்ரிலிக் லாக்கர். அது வயதானால் கண்ணாடி நொறுங்குவதுபோல் வெடிக்கும். அதன்மேல் புதிய பெயின்ட் பூசினால் வெடிப்பு மேலே வந்துவிடும் என்பதால் தகடு வரை நீக்கினோம். பழைய பெயின்டிலும், கூரை இணைப்புகளை நிரப்பியிருக்கும் உலோகத்திலும் ஈயம் உண்டு; உலர்ந்த தூளைப் பறக்கவிடக் கூடாது. இரு கூறுக் கிளியர் பூச்சில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியை வாடகைக்கு எடுத்த பின்னரே உரிமையாளர் துப்பாக்கியைக் கையில் பிடித்தார். வீட்டில் பெயின்ட் அடிப்பவர்கள் பலரும் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான், நுரையீரலுக்கு மாற்றுப் பாகம் இல்லை.

பக்கவாட்டில் ஒட்டும் மரவரி வினைல் படலத்தை (மரத்தின் வரிகள்போல் அச்சிட்டது), பெயின்ட் நன்றாக உலர்ந்து அதிலுள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறிய பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஆவி சேர்ந்து குமிழ் எழும். சோப்புத் தண்ணீர் தெளித்த தகட்டில் படலத்தை மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்து, கதவு விளிம்புகளில் மட்டும் சூடு காட்டி மடித்தோம். முன் மட்கார்ட், இரண்டு கதவுகள், பின்தகடு ஆகியவற்றில் வரிகள் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். அதற்காக நூல் கட்டிக் குறியிட்டே ஒவ்வொரு துண்டையும் வைத்தோம். படலத்தின் ஓரத்தை மூடும் பளபளப்புப் பட்டைகள் வேகனுக்கு மட்டுமே உரியவை. நெளிந்தவற்றைச் சிறு சுத்தியலால் உட்புறமிருந்து தட்டி நிமிர்த்தி மெருகேற்றிப் பழையவற்றையே மாட்டினோம். அவற்றின் கிளிப்புகள் பதியும் இடங்களில்தான் முதலில் துரு பிடித்திருந்தது என்பதால், ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும் சிறிது பியூட்டைல் வைக்கப்பட்டது.

தற்போதைய நிலை

வண்டி ஒரு குளிர்காலத்தைக் கராஜிலும் அடுத்த கோடையைச் சாலையிலும் கழித்துவிட்டது. பலத்த மழையிலும் கூரை ஒழுகவில்லை. பின்கதவு இரண்டு விதமாகவும் ஒரு கையால் திறக்கிறது. குறைந்தது 26 ஆண்டு ஆன வண்டிகளுக்கு மிச்சிகன் மாநிலம் வழங்கும் வரலாற்று வாகனப் பதிவெண் பெறப்பட்டிருக்கிறது.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வரிசையில் மூன்று புள்ளி சீட் பெல்ட்டுகளுக்காக உள்தூண்களில் வலுத்தகடு வெல்டு செய்து நங்கூரம் அமைத்துவிட்டோம். மூன்றாம் வரிசையில் தோள் பட்டையைத் தாங்க வேண்டிய இடம் கூரைக் கண்ணாடியின் அடிவிளிம்புக்கு மிக அருகில் வருகிறது. அங்கே வெல்டு செய்தால் விளிம்பு நெளியும், வெறுமனே போல்ட் போட்டால் மோதலின் இழுவிசையைத் தாங்காது. பாடியை விட்டுவிட்டுச் சேசிஸ் சட்டத்திலிருந்தே எழும்பும் தனி இருக்கைச் சட்டம் ஒன்றை இப்போது வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது தயாராகும் வரை மூன்றாம் வரிசை மடக்கப்பட்டே இருக்கும்.